உலக இலக்கியமும் விபுலாநந்த அடிகளாரும்

எருக்கலம்பிட்டியிலே உயர்தர வகுப்பு மாணாக்கர்க்கு ஒருநாள் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். நூற்பாவை மனப்பாடம் செய்வித்தல் எளிது. அதன் பொருளை உள்ளத்தில் இறங்கச் செய்தல் அரிது. ஆதலின் நூலை மூடிவைத்துவிட்டு, ஆங்கில நாடகப் புலவர் சேக்ஸ்பியர் இயற்றிய இலியர் மன்னன் கதையைச் சொன்னேன்.

முதுமை எய்திய அரசன் ஒருவன் தன் நாட்டைப் புதல்வியர்க்குப் பகுத்துக் கொடுக்கின்றான். முகமன் கூறிய மூத்தவர் இருவரும் நாட்டைப் பெறுகின்றனர். உண்மையன்பு பூண்ட இளையவள் ஒன்றும் பெறாது நீங்குகின்றாள். நாட்டைப் பெற்றவர் பின்னர்த் தந்தையின் பரிவாரத்தைக் குறைத்து அவனைப் புறக்கணிக்கின்றனர். சினந்து வெளியேறிய அவன் பின்னே கதவு அடைக்கப்படுகின்றது. இடியும் மழையும் சூழ்ந்த வெட்டவெளியில் அம்முதியவன் அலைகின்றான். இவ்விடத்தே தோன்றும் மெய்ப்பாடு யாது என்று வினவினேன். பெரும்பாலோர் அழுகை என்றனர். கடற்றொழிற் குடும்பத்து மாணவன் ஒருவன் மட்டும் எழுந்து, முதலில் தோன்றுவது இளிவரல் என்றான்.

காரணம் கேட்டபோது அவன் தன் பாட்டனாரைப் பற்றிச் சொன்னான். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வடபுலத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, எருக்கலம்பிட்டி மக்களும் வீடுவாசல்களை விட்டுக் கடல்வழியே கற்பிட்டிக் கரையை அடைந்தார்கள். தாம் கட்டிய வீட்டில் பலருக்கு விருந்தளித்த அப்பெரியவர், பிறர் நிலத்தில் இட்ட கொட்டிலின்முன் உணவுக்காக வரிசையில் நிற்கவேண்டியதாயிற்று. அந்நேரத்தில் அவருக்கு அழுகை வரவில்லையாம், உடம்பு கூசியதாம். அழுகை பின்னர், இரவில்தான் வந்ததாம்.

நான் கரும்பலகையில் தொல்காப்பியர் இளிவரலுக்குக் கூறிய நிலைக்களங்கள் நான்கனையும் எழுதினேன். மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்பன அவை. நான்கும் இலியர் மன்னனிடத்தே அமைந்திருந்தன. ஆங்கில நாடகம் ஒன்றையேனும் படித்தறியாத அம்மாணவன், அந்நாடகத்தின் நடுநரம்பைத் தொட்டுவிட்டான்.

பிறமொழிப் பேரிலக்கியங்களை மாந்தர் யாவர்க்கும் பொதுவாகிய உணர்ச்சிகளின் வாயிலாகக் கற்பிக்கும் இம்முறை எனது புத்தாக்கமன்று. நூறாண்டுகளுக்கு முன்னரே இதனை ஒரு நூலாகச் செய்து தந்தவர் ஈழத்துத் துறவி ஒருவர். அவரை யாழ் நூல் ஆசிரியராகவே பலரும் அறிவர். பிறநாட்டு இலக்கியத்தைத் தமிழ் மாணாக்கனுக்கு எவ்வாறு உரிமையாக்குவது என்று சிந்தித்த ஆசிரியராக அவரை அறிந்தவர் சிலரே. அந்த ஆசிரியரின் வாழ்வை ஈண்டு ஒருவாறு காண்போம்.

வயலும் அம்மன் கோயிலும்

கிழக்கிலங்கையில், கல்முனைக்குத் தெற்கே, கடலுக்கும் வயலுக்கும் இடையே அமைந்தது காரைதீவு என்னும் ஊர். இன்று அம்பாறை மாவட்டத்தில் அடங்கிய அவ்வூர், அக்காலத்தில் மட்டக்களப்புப் பகுதியைச் சேர்ந்திருந்தது. அங்கே சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மகனாக 1892ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் அடிகளார் பிறந்தார். மயில்வாகனன் என்பது அவர்தம் பிள்ளைத்திருநாமம்.

காரைதீவின் சிறப்புகளுள் ஒன்று கண்ணகி அம்மன் கோயில். மட்டக்களப்புப் பகுதியின் கண்ணகி கோயில்களில் வைகாசித் திங்களிலே சடங்கு நிகழும். கண்ணகி வழக்குரை படிக்கப்படும். ஏட்டிலே சிலப்பதிகாரத்தைக் காணாத உழவரும் பெண்டிரும், சிலம்பேந்திய ஒருத்தி அரசவையில் நீதி கேட்ட கதையைக் கேட்டுக் கண்ணீர் சொரிவர். காவியம் என்பது கற்றோர் கைப்பொருள் மட்டுமன்று, ஊரார் நெஞ்சில் வாழ்வது என்னும் உண்மையை மயில்வாகனன் சிறுவயதிலேயே கண்டிருத்தல் வேண்டும். ஊரைச் சூழ்ந்து நெல்வயல்கள். அயலிலே மாளிகைக்காடு, சாய்ந்தமருது முதலிய முஸ்லிம் ஊர்கள். ஒரே நீரைப் பாய்ச்சி ஒரே நெல்லை விளைத்த இரு சமயத்தாரிடையே அவர் வளர்ந்தார்.

கிராமத்து ஆசிரியர் குஞ்சித்தம்பி என்பாரிடம் எழுத்தறிவு தொடங்கியது. தமிழும் வடமொழியும் வைத்தியலிங்க தேசிகர் அறிவுறுத்தினார். ஆங்கிலக் கல்வியைக் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும், பின்னர் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் பெற்றார். 1908ஆம் ஆண்டில், பதினாறாம் வயதிலே கேம்பிரிட்ஜ் சீனியர்த் தேர்வில் தேறினார். சைவக் குடியிற் பிறந்த சிறுவன் புரட்டஸ்தாந்தப் பாடசாலையிலும் கத்தோலிக்கக் கல்லூரியிலும் பயின்றமை அக்கால நடைமுறையே. ஆயினும், தம் வேரை விடாது பிறர் செல்வத்தைக் கைக்கொள்ளும் ஆற்றல் அவரிடத்தே அப்பொழுதே முளைத்தது எனலாம்.

விஞ்ஞானமும் பண்டிதமும்

ஆசிரியத் தொழிலை மேற்கொண்ட மயில்வாகனனார், 1911ஆம் ஆண்டில் கொழும்பு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிற் சேர்ந்தார். பகலிலே கற்பித்தற்கலை பயின்றவர், ஓய்வு நேரத்தில் தென்கோவைக் கந்தையாபிள்ளை முதலிய புலவர்களிடம் சங்க நூல்களைப் பாடங்கேட்டார். 1916ஆம் ஆண்டு அவர் வாழ்வில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டிலே கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமாவும், மதுரைத் தமிழ்ச்சங்கத்தின் பண்டிதர் பட்டமும் பெற்றார். அச்சங்கத்தின் பண்டிதத் தேர்வில் இலங்கையிலிருந்து முதன்முதல் தேறியவர் அவரே என்பர். 1917இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தையும் தனியே பயின்று பெற்றார். 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபரானார்.

தமிழ்ப் பண்டிதர் அறிவியலை அறியார். அறிவியல் கற்றவர் தமிழை மதியார். இப்பிளவு அக்காலத்தே பெரிதும் இருந்தது, இன்றும் அற்றுப்போகவில்லை. அடிகளார் இரண்டு கரைகளிலும் நின்றவர். 1921இல் யாழ்ப்பாணத்தில் தோன்றிய ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கத்தின் தொடக்கத்திற்கும் அவர் துணைநின்றார். பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் எனப் படிமுறையாகத் தேர்வுகளை நடத்திய அச்சங்கத்தின் வழியே எத்தனையோ தமிழாசிரியர்கள் உருவாயினர். கீழைத்தேயக் கல்வி மரபில் வந்த எம்போன்றார்க்கு அது ஒரு கடப்பாடு.

உலகியல் உயர்வு கைகூடி வந்த வேளையிலே அவர் உள்ளம் துறவை நாடியது. 1922ஆம் ஆண்டு சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்தார். பிரபோத சைதன்யர் என்னும் பிரமசரியப் பெயருடன் மடத்தின் தமிழ், ஆங்கில ஏடுகளிலே பணிபுரிந்தார். 1924இல் சுவாமி சிவானந்தரிடம் துறவுநிலை ஏற்று, விபுலாநந்தர் ஆனார்.

மதங்க சூளாமணி

துறவு பூண்ட அதே 1924ஆம் ஆண்டிலே மதுரைத் தமிழ்ச்சங்க ஆண்டுவிழாவில் நாடகத் தமிழ் பற்றி அடிகளார் உரை நிகழ்த்தினார். அவ்வுரை விரிந்து, 1926ஆம் ஆண்டில் மதங்க சூளாமணி என்னும் நூலாக அச்சங்கத்தின் வாயிலாகவே வெளிவந்தது. காவி உடுத்த துறவி, காதலும் கொலையும் நகையும் மலிந்த மேனாட்டு நாடகங்களை ஆராய்ந்தமை சிலர்க்கு வியப்பளித்திருக்கலாம். மாந்தர் உள்ளத்தை அறியாமல் அதனை உயர்த்துதல் இயலாது என்பதை அறிந்தவர்க்கு அதிலே வியப்பில்லை.

அதற்கு முன்னரே சேக்ஸ்பியர் தமிழ் மேடைக்கு வந்துவிட்டார். சென்னையில் 1891இல் சுகுண விலாச சபையை நிறுவிய பம்மல் சம்பந்த முதலியார், ஆம்லெத்து நாடகத்தை அமலாதித்தன் என்றும், வெனிசு நகர வணிகன் கதையை வாணீபுர வணிகன் என்றும் பெயர்மாற்றி மேடையேற்றினார். அது நடிப்பவர் வழி. அடிகளார் மேற்கொண்டது கற்பிப்பவர் வழி. கதையை மாற்றுவதோடு அவர் அமையவில்லை. அக்கதையை அளப்பதற்குரிய கோலைத் தமிழிலேயே தேடினார்.

நூல் மூன்று பகுதிகளையுடையது. முதலாவதாகிய உறுப்பியல், சிலப்பதிகார அரங்கேற்று காதையையும் அதற்கு அடியார்க்குநல்லார் வகுத்த உரையையும் கொண்டு நாடகத்தின் உறுப்புகளை விளக்குவது. பரதசேனாபதீயம், மதிவாணனார் நாடகத்தமிழ் நூல் முதலிய பழைய நூல்களின் செய்திகள் அவ்வுரையின் வாயிலாகவே நமக்குச் சிதறிக் கிடைக்கின்றன. அச்சிதறல்களை அடிகளார் பொறுக்கி ஒழுங்குபடுத்தினார். இரண்டாவது, எடுத்துக்காட்டியல். சேக்ஸ்பியரின் பன்னிரண்டு நாடகங்கள் இதிலே ஆராயப்படுகின்றன. அப்புலவர்க்குச் செகசிற்பியார் என்று அடிகளார் பெயரிட்டார், ஒலியும் ஒத்தது, உலகைச் செதுக்கிய சிற்பி என்னும் பொருளும் பொருந்தியது. மூன்றாவதாகிய ஒழிபியல், வடமொழியில் தனஞ்சயன் செய்த தசரூபகத்தின் கருத்துகளைத் தருவது.

தமிழ், ஆங்கிலம், வடமொழி ஆகிய மூன்றும் ஒரு நூலுள் அமர்ந்திருப்பதைக் காண்க. யாம் முன்னரே கண்டதைத்தான் மேனாட்டார் பின்னர் எடுத்துக்கொண்டனர் என்று பெருமை பேசுவது அவர் நோக்கமன்று. மேனாட்டார்க்கு உள்ளது நமக்கில்லையே என்று நாணுவதும் அன்று. மூன்று நிலத்தார் தனித்தனியே நோக்கினும் ஒரே மனித நெஞ்சையே நோக்கினர் என்பதை அருகருகே வைத்துக் காட்டுவதே அவர் செய்த தொண்டு.

நெல்லும் நாடகமும்

அடிகளார் கைக்கொண்ட அளவுகோல்களுள் இரண்டை மட்டும் இங்கே கூறுவல். ஒன்று கதையின் வளர்ச்சி பற்றியது. மற்றொன்று சுவை பற்றியது.

நாடகக் கதை ஐந்து சந்தியாக வளரும் என்பர் பழைய நூலார். முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்பன அவை. அடியார்க்குநல்லார் இவற்றை நெற்பயிரின்மேல் வைத்து விளக்குகின்றார். உழுத நிலத்தில் இட்ட வித்து முளைப்பது முகம். அது இலைவிட்டு நாற்றாவது பிரதிமுகம். கரு முற்றிக் கதிருள்ளே நெல் பொதிவது கருப்பம். கதிர் தலைசாய்ந்து முற்றுவது விளைவு. அறுத்துத் தூற்றி இல்லம் கொணர்ந்து உண்பது துய்த்தல். ஐந்து அங்கமாக அமைந்த ஆங்கில நாடகத்தையும் இவ்வைந்து சந்திகளால் அளக்கலாம் என்று அடிகளார் கண்டார். காரைதீவு வயல்களிடையே வளர்ந்த ஒருவர்க்கு இவ்விளக்கம் எத்துணை இனித்திருக்கும்!

மக்பெத்து என்னும் படைத்தலைவன் கதையை எடுத்துக்கொள்வோம். அரசனாவாய் என்று சூனியக்காரியர் கூறிய சொல் அவன் நெஞ்சில் விழுந்த வித்து. மனைவியின் தூண்டுதலால் அது நாற்றாகின்றது. விருந்தினனாய் வந்த அரசனைக் கொன்று முடிசூடியபின், தான் அடைந்ததைக் காக்க மேலும் மேலும் கொல்லும் எண்ணம் அவனுள்ளே கருக்கொள்கின்றது. அச்சமும் தனிமையும் முற்றி விளைகின்றன. ஈற்றில் தான் விதைத்ததைத் தானே அறுத்து உண்டு மடிகின்றான். மன்னார்ப் பெருநிலத்திலே கட்டுக்கரைக் குளத்து நீரால் நெல் விளைக்கும் உழவர் மகனிடம் இவ்வாறு சொன்னால், நாடக இலக்கணம் அவனுக்குப் புதிதாகத் தோன்றாது. அவன் தந்தையார் ஆண்டுதோறும் செய்வதே அது.

இனிச் சுவை. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்றார். நாடக நூலார் நடுவுநிலையையும் கூட்டிச் சுவை ஒன்பது என்றனர். ஒவ்வொரு மெய்ப்பாட்டிற்கும் நந்நான்கு நிலைக்களங்களைத் தொல்காப்பியர் வகுத்தார், ஆக முப்பத்திரண்டு. வெகுளிக்கு அவர் கூறியவற்றுள் குடிகோள் ஒன்று. ஒருவன் குடியைச் சார்ந்தாரை நலிவு செய்தல் என்பது அதன் பொருள். மக்பெத்து தன் பகைவன் இல்லாத வேளையில் அவன் மனைவியையும் மக்களையும் கொல்விக்கின்றான். செய்தி கேட்ட அக்கணவனிடத்தே அழுகை வெகுளியாக மாறும் இடம் அந்நாடகத்தின் உயிர்நிலைகளுள் ஒன்று. இடையே எத்துணை நூற்றாண்டுகள், எத்துணைக் கடல்கள்! ஆயினும் தொல்காப்பியரின் ஒரு சொல் அவ்விடத்திற்கு அப்படியே பொருந்துகின்றது.

பிறநாட்டுக் கதையைத் தமிழ் நிலத்தில் நட்டு வளர்ப்பது நமக்குப் புதிதும் அன்று. கம்பர் கோசல நாட்டைப் பாடும்போது காவிரி நாட்டையே நம் கண்முன் கொணர்ந்தார். உமறுப்புலவர் சீறாப்புராணத்திலே அறபு நாட்டைத் தமிழ்த் திணைகளின் எழிலோடு காட்டினார். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் தேம்பாவணியிலே அவ்வாறே செய்தார். மன்னார் நகரின் அருகே பருத்து நிற்கும் பெருக்கமரத்தைப் பார்த்தவர்கள் இதனை எளிதில் உணர்வர். அது ஆபிரிக்க நிலத்திற்குரிய மரம். அறபு வணிகர் கொணர்ந்தது என்பது வழக்கு. பல நூற்றாண்டாக நம் மண்ணில் வேரூன்றி நம் மழையைக் குடித்த அதனை இன்று அயல்மரம் என்று யாரும் ஒதுக்குவதில்லை.

பேராசிரியர்

1925ஆம் ஆண்டு ஈழத்திற்கு மீண்ட அடிகளார், இராமகிருஷ்ண சங்கத்தின் பாடசாலைகளை நடத்தும் பொறுப்பை ஏற்றார். 1929இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் அவர் முயற்சியால் எழுந்தது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. 1933 வரை அங்கே பணியாற்றினார். வகுப்பு முடிந்ததும் அருகிலிருந்த திருவேட்களத்தில், ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார் என்பதை அவர் வரலாறு எழுதினோர் குறித்துள்ளனர். காலையிலே பல்கலைக்கழகத்தில் உயர் இலக்கியம். மாலையிலே சேரியில் அகரம். உணர்ச்சி யாவர்க்கும் பொது என்று நூலில் எழுதியவர், கல்வியும் யாவர்க்கும் பொது என்று வாழ்ந்து காட்டினார்.

மொழிக்குப் புதுச் சொல் வேண்டும் என்பதையும் அவர் மறந்தாரல்லர். 1936ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். ஆங்கிலக் கவிவளத்தைத் தமிழர்க்கு எடுத்துரைக்கும் ஆங்கில வாணி என்னும் கட்டுரையும், கிரேக்கக் கலையைப் பற்றிய யவனபுரத்துக் கலைச்செல்வம் என்னும் கட்டுரையும் அவர் எழுத்துகளிற் குறிப்பிடத்தக்கவை. விவேகானந்தர் நூல்களையும் தமிழாக்கினார். 1939 முதல் ஏறத்தாழ ஈராண்டு இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதி ஆசிரமத்தில் தங்கிப் பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில ஏட்டின் ஆசிரியராய் விளங்கினார்.

இமயச் சாரலில் இருந்த காலத்திலே உயிர் நண்பர் ஒருவர் மறைந்த துயரம் கங்கையில் விடுத்த ஓலை என்னும் செய்யுளாக வெளிப்பட்டது. அழுகையின் நிலைக்களம் நான்கனுள் இழவு ஒன்று என்று மாணாக்கர்க்குக் கற்பித்தவர்தாம் அவர். பற்றறுத்த துறவியாயினும் அவ்விழவு அவரையும் தீண்டிற்று. அதனை அவர் மறைக்கவும் இல்லை. மெய்ப்பாடு அவர்க்கு வெறும் இலக்கணமாக இருந்ததில்லை என்பதற்கு இச்செய்யுள் சான்று.

1943ஆம் ஆண்டு, அப்பொழுது கொழும்பில் இயங்கிய இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். இரு நாடுகளின் பல்கலைக்கழகங்களிலே முதல் தமிழ்ப் பேராசிரியர் என்னும் பெருமை அவர்க்கு வாய்த்தது.

இறுதி நாள்கள்

மதங்க சூளாமணிக்குக் கைகொடுத்த அரங்கேற்று காதையே அவர்தம் பெருநூலுக்கும் வித்தாயிற்று. அக்காதையிலே யாழைப் பற்றி வரும் செய்திகளைப் பின்பற்றி, பழந்தமிழ் யாழ்களின் அமைப்பையும் பண்களையும் கணித முறையால் அவர் ஆராய்ந்தார். விஞ்ஞானம் கற்ற கையும் பண்டிதம் கற்ற நெஞ்சும் ஒன்றாயின. ஏறத்தாழப் பதினான்கு ஆண்டு உழைப்பின் பயனாகிய யாழ் நூல், 1947ஆம் ஆண்டு சூன் திங்கள் 5, 6ஆம் நாள்களில் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச்சங்கம் அதனை வெளியிட்டது.

அடிகளார் உடல் அதற்குள் பெரிதும் நலிந்திருந்தது. அரங்கேற்றம் முடிந்து ஆறு வாரங்களே கழிந்தன. 1947ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 19ஆம் நாள் கொழும்பில் இறைவனடி சேர்ந்தார். அப்பொழுது அவர்க்கு வயது ஐம்பத்தைந்து. திருமேனி மட்டக்களப்புக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அவர் வளர்த்த சிவானந்த வித்தியாலய வளவிலே அடக்கஞ் செய்யப்பெற்றது. இறைவன் விரும்பும் மலர் அன்பர் உள்ளமே என்று அவர் பாடிய பாடல் அச்சமாதியிலே பொறிக்கப்பட்டுள்ளது.

நம் கடன்

யாழ் நூலைப் போற்றிய நாம் மதங்க சூளாமணியை மறந்தோம். அதற்கு நூலும் ஒருவாற்றான் காரணம். அதன் நடை செறிவானது. மேனாட்டுப் பெயர்களையும் தமிழோசைக்கு இயைய மாற்றியமையால், மூலத்தை அறியாதார்க்கு இடர்ப்பாடு மிகுதி. பண்டிதர்கள் ஆங்கில நாடகம் நமக்கெதற்கு என்று ஒதுங்கினர். ஆங்கிலம் கற்றோர் அடியார்க்குநல்லார் தமக்கெதற்கு என்று ஒதுங்கினர். இரு சாராரையும் ஓரிடத்தில் அமர்த்த முயன்ற நூல், இரு சாராராலும் படிக்கப்படாது நின்றது.

பொதுவுணர்ச்சி என்னும் சொல்லிலே ஓர் இடரும் உண்டு; அதனையும் கூறுதல் வேண்டும். யாவர்க்கும் உணர்ச்சி ஒன்றே என்று சொல்லிவிட்டு, ஆசிரியரே விடையை வழங்கிவிடுதல் எளிது. ஆனால் ஒரே காட்சி எல்லார்க்கும் ஒரே மெய்ப்பாட்டைத் தருவதில்லை. வெனிசு வணிகன் நாடகத்திலே சைலாக்கு என்னும் யூதன் ஏளனத்திற்கு ஆளாகின்றான். அவனை எள்ளுவோர்க்கு அது நகை. தொல்காப்பியரும் நகையின் நிலைக்களங்களுள் எள்ளலை வைத்துள்ளார். எள்ளப்பட்டவனுக்கோ அது இளிவு. அந்த இளிவை அழுகையின் நிலைக்களங்களுள்ளும் தொல்காப்பியர் வைத்துள்ளார். ஒருவர் நகையே மற்றொருவர் அழுகை ஆகும் இந்நுட்பத்தை, அந்நாடகம் பிறப்பதற்கு நெடுங்காலத்திற்கு முன்னரே நம் இலக்கணம் கண்டுள்ளது. ஆதலின் வகுப்பறையில் ஆசிரியர் முதலிற் செய்யவேண்டுவது வினாவுதல்; அடுத்தது, எதிர்பாராத விடை வரும்போது அதனைப் பிழையென்று தள்ளாது கேட்டல்.

அன்று அம்மாணவன் இளிவரல் என்றபோது, என் குறிப்பேட்டில் அழுகை என்றே எழுதி வைத்திருந்தேன். அவன் பாட்டனார் வரிசையில் நின்ற கதையைக் கேட்டிராவிட்டால், அவன் விடையைத் திருத்தியிருப்பேன்; இலியர் மன்னனை இன்றுவரை அரைகுறையாகவே அறிந்தும் இருப்பேன். வெளியேற்றியவர் பேசிய மொழியும் தமிழ். வெளியேறியவர் பேசிய மொழியும் தமிழ். அம்மொழியிலேயே ஒருவர் துயரை மற்றவர் அறிந்துகொள்ள ஒரு வழி வேண்டும். நேருக்கு நேர் பேசத் தயங்கும் செய்தியை, எங்கோ ஒரு நாட்டு முதிய அரசனின் கதையை இடையே வைத்துப் பேசிவிட முடிகின்றது. உலக இலக்கியத்தால் ஒரு சிற்றூர்ப் பாடசாலைக்கு விளையும் பயன் இதனினும் பெரிது வேறொன்றை நான் அறியேன்.

மதங்க சூளாமணியை எளிய உரையுடன், மூல நாடகங்களின் கதைச்சுருக்கத்தையும் சேர்த்து, மாணாக்கர் கைக்கு எட்டும் விலையிற் பதிப்பித்தல் வேண்டும். உயர்தர வகுப்பில் மெய்ப்பாட்டியல் கற்பிக்கும் ஆசிரியர், நூற்பாவுக்கு ஒன்றாகவேனும் பிறநாட்டுக் கதை ஒன்றைச் சொல்லிப் பார்க்கட்டும். அடிகளார்க்குச் சிலைகள் வைத்தாயிற்று; விழாக்களும் எடுத்தாயிற்று. அவர் நூலை வகுப்பறைக்குள் கொண்டுசெல்லும் பணி மட்டும் எஞ்சியிருக்கின்றது. அது ஆசிரியராகிய எம் பணி.